இருபது டாலர் தாளில் ஹாரியட் டப்மன்: அமெரிக்க நிதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமெரிக்க நிதித்துறைச் செயலாளர் அவர்களுக்கும், டாலர் தாள்களை வடிவமைத்து அச்சிடும் பணியகத்தாருக்கும்,

வணக்கம்.

மேரிலாந்து மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர்களில் ஒருவன் நான். இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வரும். தமிழில் வெளியிடுவது, இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கோரிக்கையில் சேர வேண்டும் என்பதற்காக. 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வந்திராவிட்டால் எங்களில் பெரும்பாலோர் இந்த நாட்டில் கால் வைத்திருக்கவே முடியாது. கறுப்பு மக்கள் அடிபட்டும் சிறைப்பட்டும் நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூட்டில் பிறந்த சட்டம் அது. அந்த நன்றிக்கடன் எங்களுக்கு இருக்கிறது. அடிமையாகப் பிறந்து, தப்பி, திரும்பத் திரும்பப் போய்ப் பலரை மீட்டு வந்த கறுப்புப் பெண் ஹாரியட் டப்மனுக்காகப் பேசாமல் இருப்பது எங்களுக்கு அழகல்ல.

கோரிக்கை இதுதான். 2016 ஏப்ரல் 20 அன்று, இருபது டாலர் தாளின் முகப்பில் ஹாரியட் டப்மனின் படம் இடம்பெறும் என்று உங்கள் துறை அறிவித்தது. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றதன் நூறாவது ஆண்டான 2020-க்குள் வடிவமைப்பை வெளியிடுவதாகவும் சொன்னது. 2019-ல் அது தள்ளிப்போடப்பட்டது. 2021-ல் விரைவுபடுத்துவதாகச் சொன்னார்கள். புதிய இருபது டாலர் தாளுக்கு 2030 என்று தவணை சொல்லப்பட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வேறு ஏதாவது ஒரு தாளில் போட்டால் போதாதா, நாணயம் வெளியிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2016 தேர்தல் காலத்தில், இரண்டு டாலர் தாளில் வேண்டுமானால் போடலாம் என்று வேட்பாளர் டிரம்ப் சொன்னார். 2024-ல் உங்கள் நாணயச்சாலை டப்மன் நினைவு நாணயங்களை வெளியிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அவை சேகரிப்பவர்களின் பெட்டிக்குப் போய்விடும். இருபது டாலர் தாள் ஏடிஎம்மிலிருந்து வந்து எல்லார் கைக்கும் போகிறது. அது மட்டும் காரணம் அல்ல. டப்மனின் வாழ்க்கையில் எதற்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலைகளைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடிமையின் பிறந்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. டப்மன் பிறந்த காலம் தெரியவந்ததே பண்ணைக் கணக்கால்தான். 1822 மார்ச்சில், ரிட் என்ற அடிமைப் பெண்ணின் பிரசவத்துக்காக மருத்துவச்சிக்கு இரண்டு டாலர் கொடுத்ததாக அதில் ஒரு பற்று இருக்கிறது. மேரிலாந்தின் கிழக்குக் கரையில், டார்செஸ்டர் கவுன்டியில் பிறந்த அந்தக் குழந்தைக்கு அரமின்டா என்று பெயர், கூப்பிடுவது மின்டி. தாய் ரிட்டின் முழுப்பெயரான ஹாரியட்டைப் பின்னாளில் தாமே சூட்டிக்கொண்டார்.

ஆறேழு வயதில் அடுத்த வீடுகளுக்குக் கூலிக்கு விட்டார்கள். கூலிப்பணம் எசமானுக்கு. தட்டம்மை கண்டிருந்த சிறுமியை, சதுப்பு நிலத்தின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்த்து வர அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் கைக்குழந்தையை இரவெல்லாம் ஆட்டும் வேலை. கண்ணயர்ந்து தொட்டில் நின்றால் குழந்தை அழும். குழந்தை அழுதால் எசமானியின் கை சாட்டைக்குப் போகும். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஐந்து முறை அடி வாங்கியதைக் கிழவியான பிறகும் டப்மன் சொல்லியிருக்கிறார். கிடைத்த தடித்த துணியையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வாராம், அடி உறைக்காமல் இருக்க. அந்தத் தழும்புகள் சாகும்வரை கழுத்தில் இருந்தன.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். பக்டவுன் என்ற சிற்றூரின் மளிகைக் கடை. வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் அடிமைப் பையனைத் துரத்திக்கொண்டு கங்காணி உள்ளே வருகிறான். பிடித்துக் கட்ட உதவு என்று மின்டியிடம் சொல்கிறான். மின்டி மறுக்கிறாள். பையன் வெளியே ஓட, கங்காணி தராசுத் தட்டின் இரண்டு பவுண்டு படிக்கல்லை எடுத்து அவனைக் குறிபார்த்து வீசுகிறான். அது மின்டியின் மண்டையில் விழுகிறது. பிறந்ததிலிருந்து சீப்புப் படாத தலைமயிர் கூடைபோல் அடர்ந்து நின்றதால்தான் உயிர் பிழைத்தேன் என்று டப்மன் பின்னாளில் சொன்னார். இரண்டு நாள் படுக்கை. பிறகு நெற்றியிலிருந்து வழியும் ரத்தமும் வியர்வையும் கண்ணை மறைக்க, மீண்டும் வயல் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் நோய் அன்று தொற்றியது, கடைசிவரை விடவில்லை.

எசமான் எட்வர்ட் புரோடஸ் அவரை விற்றுவிடப் பார்த்தான். வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆறு பென்ஸ்கூடக் கொடுக்கத் தயாராயில்லை என்று டப்மன் நினைவுகூர்ந்தார்.

அக்காமார் மூவர் தெற்கே விற்கப்பட்டார்கள். லைனா, மரையா, சோஃப். பெயரைத் தவிர அவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒரு சேதியும் திரும்பி வரவில்லை. கடைக்குட்டி மோசஸை வாங்க ஜார்ஜியாக்காரன் வந்தபோது தாய் ரிட், மகனைக் காட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஒரு மாதம் ஒளித்து வைத்தார். கடைசியில் எசமானும் வியாபாரியும் குடிசை வாசலுக்கே வந்தார்கள். உள்ளே முதலில் நுழைகிறவன் மண்டையைப் பிளந்துவிடுவேன் என்றார் ரிட். அவர்கள் திரும்பிப் போனார்கள். விற்பனை நின்றது. மறுத்தால் மறுப்புக்குப் பலன் உண்டு என்பதை டப்மன் கற்றது அந்த வாசலில்தான் என்று நான் நம்புகிறேன்.

ரிட்டுக்கு 45 வயதில் விடுதலை கொடுக்க வேண்டும் என்று எசமானின் முன்னோர் உயிலே எழுதி வைத்திருந்தார். அதை யாரும் ரிட்டிடம் சொல்லவில்லை. டப்மன் தம் உழைப்பில் ஐந்து டாலர் சேர்த்து ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பழைய பத்திரங்களைத் துழாவச் செய்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண் செய்த காரியம் இது! தெரிந்தும் பயனில்லை. உயிலை நிறைவேற்றச் செய்ய அவர்களால் முடியவில்லை. 1840-ல் விடுதலை பெற்றிருந்த ரிட்டின் கணவர், டப்மனின் தந்தை பென் ராஸ், 1855-ல் தம் மனைவியைக் காசு கொடுத்து வாங்கினார். சட்டப்படி என்றோ விடுதலை பெற்றிருக்க வேண்டிய பெண் அவர். விலை இருபது டாலர்.

செயலாளர் அவர்களே, இந்தத் தாளில்தான் டப்மனின் முகம் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இந்த விற்பனை.

1849-ல் எட்வர்ட் புரோடஸ் இறந்தான். கடனை அடைக்க விதவை எலைசா அடிமைகளை விற்கத் தொடங்குவாள் என்று பேச்சு எழுந்தது. செப்டம்பரில் டப்மன் தம் சகோதரர் இருவருடன் தப்பினார்; அவர்கள் பயந்து திரும்பிவிட, பிறகு தனியாகக் கிளம்பினார். எலைசா கொடுத்த விளம்பரம் இன்றும் இருக்கிறது. மின்டி, வயது சுமார் 27, பார்க்க லட்சணமானவள், உயரம் சுமார் ஐந்தடி. மாநிலத்துக்கு வெளியே பிடித்துக் கொடுத்தால் 100 டாலர், உள்ளேயே பிடித்தால் 50 டாலர்.

அதற்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இன்னொரு விளம்பரத்தையும் உங்கள் துறை அறிந்திருக்க வேண்டும். 1804-ல் டென்னசி செய்தித்தாளில் வந்தது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தந்தால் 50 டாலர். பிடித்தவர் அவனுக்குச் சாட்டையடி கொடுத்தால், ஒவ்வொரு நூறு அடிக்கும் கூடுதலாகப் பத்து டாலர். முந்நூறு அடி வரை. விளம்பரம் கொடுத்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1928 முதல் இருபது டாலர் தாளில் இருப்பவர் அவர்தான். 1830-ல் பூர்வகுடிகளைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. டப்மனைப் போன்றவர்களைப் பிடிக்கக் காசு அறிவித்தவரின் முகத்தைத்தான் டப்மனின் பேரன் பேத்திகள் வயதில் உள்ளவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சம்பளமாக வாங்கி வந்திருக்கிறார்கள்.

பென்சில்வேனியா எல்லையைத் தாண்டியதும் என்ன உணர்ந்தார் என்பதை டப்மன் சொல்லியிருக்கிறார். நான் அதே ஆள்தானா என்று என் கைகளைப் பார்த்துக்கொண்டேன் என்றார். சூரியன் மரங்களுக்கிடையே பொன்னாக வந்தது, சொர்க்கத்தில் இருப்பதுபோல் இருந்தது என்றார். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் நிறுத்தவில்லை. நான் விடுதலை அடைந்துவிட்டேன். ஆனால் வா என்று சொல்ல அங்கே எனக்கு ஓர் ஆள் இல்லை. என் வீடு மேரிலாந்தில் இருந்தது, என் அப்பா அம்மா அங்கே, உடன்பிறந்தவர்கள் அங்கே. நான் விடுதலை அடைந்தால் அவர்களும் அடைய வேண்டும் என்று தொடர்ந்தார். தனியாக அனுபவிக்கும் விடுதலையை அவர் விடுதலையாகவே எண்ணவில்லை. பிறகு செய்தது எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வந்தது.

பிலடெல்பியாவிலும் கேப் மேயிலும் சமையல் வேலை, வீட்டு வேலை. சேர்ந்த காசோடு மேரிலாந்துக்குத் திரும்புவார். பெரும்பாலும் இரவு நீண்டிருக்கும் பனிக்காலத்தில். சனிக்கிழமை இரவு கிளம்புவார். திங்கட்கிழமைக்கு முன் விளம்பரம் அச்சாகாது. 1850 டிசம்பரில் அக்கா மகள் கெசையாவை மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊர் நீதிமன்ற வாசலில் ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்டு எடுத்தது கெசையாவின் கணவரே. அவர் சுதந்திரமான கறுப்பர், கப்பல் தச்சர். ஏலக்காரர் சாப்பிடப் போன நேரத்தில், பணம் கட்டும் முன், மனைவி மக்களை மறைத்துப் படகில் ஏற்றி பால்டிமோருக்குக் கொண்டுபோனார். அங்கே டப்மன் காத்திருந்தார்.

1854 கிறிஸ்துமஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய சகோதரர் மூவரைப் பண்டிகை முடிந்ததும் விற்பதாக ஏற்பாடு. டப்மன் வந்து, அவர்களைப் பெற்றோரின் குடிசைக்கு அருகே தீவனக் கொட்டகையில் ஒளித்து வைத்தார். வெளியே மழை. பண்டிகைச் சாப்பாட்டுக்கு மகன்கள் வருவார்கள் என்று தாய் ரிட் சமைத்து வைத்துக் காத்திருந்தார். தாயிடம் சொல்ல முடியாது. சொன்னால் அழுது கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிவிடுவார். தந்தைக்கு மட்டும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். பென் ராஸ் உணவு கொண்டு வந்தார். நாளை எசமான்கள் வந்து மகன்களைப் பார்த்தாயா என்று கேட்டால் பார்க்கவில்லை என்று உண்மையாகவே சொல்ல வேண்டுமே, அதனால் பெற்ற பிள்ளைகளை ஏறெடுத்துப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். புறப்படும்போது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடிக்க, கொஞ்ச தூரம் கூட நடந்து வழியனுப்பினார். ரிட் அடிக்கடி வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பாதையைப் பார்ப்பதைக் கொட்டகையின் பலகை இடுக்கு வழியே பிள்ளைகள் பார்த்தார்கள். ஐந்தாண்டுக்கு மேலாகத் தாயைப் பார்க்காத டப்மனும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார்.

1857-ல், தப்பியோடியவர்களுக்கு இடம் கொடுத்ததாகத் தந்தை மீது சந்தேகம் விழுந்தது. கைது வரலாம். வயதான பெற்றோரை இரவு இரவாக நடத்திக் கூட்டிவர முடியாது; வண்டிக்கும் ரயிலுக்கும் காசு வேண்டும். நியூயார்க்கில் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அலுவலகத்துக்குப் போய் இருபது டாலர் கேட்டார். இங்கே அவ்வளவு கிடைக்காது என்றார்கள். கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே அவருடைய நோய் உறக்கத்தில் ஆழ்த்தியது. விழித்தபோது அறுபது டாலர் சேர்ந்திருந்தது. வந்து போனவர்கள், அவர்களில் தப்பி வந்த அடிமைகளும் உண்டு, கொடுத்தது. ஊருக்குப் போய், ஒரு கிழட்டுக் குதிரைக்கு வைக்கோலில் கழுத்துப்பட்டை திரித்து, பழைய இரண்டு சக்கரத்தின் மேல் உட்காரப் பலகை கட்டிப் பெற்றோரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

எல்லா முறையும் காசு கிடைக்கவில்லை. தங்கை ரேச்சலை மீட்கப் பலமுறை முயன்றார். 1860-ல் போனபோது ரேச்சல் இறந்திருந்தார். ரேச்சலின் இரண்டு பிள்ளைகளையாவது கொண்டுவர முப்பது டாலர் தேவைப்பட்டது. அவரிடம் இல்லை. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். முப்பது டாலர், ஐயா. டப்மனின் வீரத்தைப் பேசும் மேடைகளில் இந்தத் தோல்வியை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதுதான் நெஞ்சில் நிற்கிறது.

உங்கள் துறை அவரைப் பற்றி எதை அச்சிட்டாலும் உள்ளதை அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பது பயணம், முந்நூறு பேர், டப்மனின் தலைக்கு வைத்த விலை நாற்பதாயிரம் டாலர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆவணங்களைத் தேடிப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் சொல்வது: ஏறத்தாழ 13 பயணம், சுமார் 70 பேர், வழி சொல்லி அனுப்பியவர்கள் மேலும் ஐம்பது அறுபது பேர். எழுபது பேரும் பெயரும் உறவும் உள்ளவர்கள். பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். ஒருவரைக்கூட வழியில் இழக்கவில்லை. இதற்குமேல் ஊதிப் பெரிதாக்க என்ன தேவை?

உள்நாட்டுப் போரில் அவர் அரசுக்குச் செய்த வேலை தனிக் கணக்கு. தென் கரோலினாவில் செவிலியாக, சமையல்காரராக, சாரணராக, உளவாளியாக இருந்தார். 1863 ஜூன் 2 விடியலில் கோம்பாஹி ஆற்றில் கர்னல் மான்ட்கோமரியின் படையோடு பீரங்கிப் படகில் போனார். 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஒரே நாளில் மீண்டார்கள். கரையை நோக்கி ஓடிவந்தவர்களை டப்மன் சொல்லக் கேட்க வேண்டும்: அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய சோற்றுப் பானை தலைமேல் ஆவி பறக்க ஒரு பெண், முதுகில் ஒரு குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு, பானைச் சோற்றில் கையை விட்டுத் தின்றுகொண்டே வருகிறது, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று.

போர்க்காலம் முழுவதிலும் அவர் கைக்கு வந்த அரசுப் பணம் சுமார் 200 டாலர். அதையும், விடுதலையான பெண்கள் துணி வெளுத்துப் பிழைக்கட்டும் என்று ஒரு சலவைக் கொட்டகை கட்டச் செலவழித்தார். தமக்குத் தரப்பட்ட ரேஷனைப் பார்த்து மற்றவர்கள் மனம் குறைபட்டார்கள் என்று அதையும் விட்டுவிட்டு, பகலெல்லாம் மருத்துவமனையில் உழைத்த பிறகு இரவில் இஞ்சி ரொட்டியும் ரூட் பியரும் செய்து விற்கக் கொடுத்தனுப்புவார். போர் முடிந்து வீடு திரும்பும்போது, படையினருக்கான சலுகைச் சீட்டு கையில் இருந்தும், ரயிலில் நடத்துனர் அவரைப் பெட்டியிலிருந்து இழுத்துச் சாமான் பெட்டிக்குள் தள்ளினார். கை முறிந்தது.

மூன்றாண்டு பணிக்காக 1,800 டாலர் கேட்டு மனுக் கொடுத்தார். அது வரவே இல்லை. 1895-ல்தான் மாதம் எட்டு டாலர் ஓய்வூதியம் வந்தது, அதுவும் படைவீரரான இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸின் விதவை என்பதற்காக. 1899-ல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி அதை உயர்த்தியது. பிரதிநிதிகள் அவையின் குழு 25 டாலர் என்று பரிந்துரைத்தது, செனட் குறைத்தது. மாதம் இருபது டாலர் என்று முடிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு இருக்கும்.

தாயின் விலை, பெற்றோரை மீட்கக் கேட்ட பிச்சை, அரசு கடைசியில் மனமிரங்கிக் கொடுத்த மாதத் தொகை. மூன்றும் ஒரே தொகை. அந்தத் தொகை அச்சிட்ட தாளில் அவர் முகத்தைப் போடுவது உங்கள் கையில் இருக்கிறது. யார் படம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டம் உங்கள் பதவிக்குத் தந்திருக்கிறது.

ஒரு மறுப்பை மதிப்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். காசுக்கு விற்கப்பட்ட இனத்துப் பெண்ணை மீண்டும் காசில் ஏற்றுவது அவமதிப்பு என்று கறுப்புப் பெண் எழுத்தாளர்கள் சிலர் சொல்கிறார்கள். படத்தைப் போட்டுவிட்டுச் சம்பள ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிடுவார்கள் என்றும் அஞ்சுகிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் டப்மன் காசைத் தீட்டாக நினைத்தவர் அல்லர். ஒவ்வொரு டாலரையும் ஒரு மனித உயிராக மாற்றத் தெரிந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றுக்காகத் தம் நிலத்தைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார். சேர நூறு டாலர் கட்ட வேண்டும் என்று அங்கே விதி போட்டார்கள். டப்மன் சண்டைக்குப் போனார். கையில் காசே இல்லாதவர்கள் மட்டும்தான் சேரலாம் என்றல்லவா நான் விதி போடச் சொன்னேன் என்றார். 1913 மார்ச் 10 அன்று அந்த ஊரிலேயே இறந்தார். இப்படிப்பட்டவரின் முகம் பணத்தாளில் இருந்தால் அவருக்கு இழுக்கு வராது என்பது என் துணிபு.

படத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். கூன் விழுந்த கிழவியாகச் சால்வை போர்த்திய படத்தையே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2017-ல் வெளிவந்த ஒரு புகைப்படம் காங்கிரஸ் நூலகத்திடமும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடமும் இருக்கிறது. போர் முடிந்த சில ஆண்டுகளில் எடுத்தது. கட்டம் போட்ட அகன்ற பாவாடை, கழுத்துவரை பொத்தானிட்ட மேல்சட்டை, நாற்காலி முதுகில் சாய்த்த கை, நேரே பார்க்கும் கண். நாற்பதுகளில் இருக்கும் பெண், தம் உடலுக்குத் தாமே உரிமையாளர். அதைப் பயன்படுத்துங்கள்.

2025-ன் தொடக்கத்தில், அடிமைகள் தப்பிய வழிகளைப் பற்றிய தேசியப் பூங்காத் துறையின் பக்கத்திலிருந்து டப்மனின் படம் எடுக்கப்பட்டு, செய்தி வந்த பிறகு திரும்ப வைக்கப்பட்டது. எடுக்கவும் வைக்கவும் அவ்வளவு எளிது என்பதால்தான் அச்சில் வேண்டும் என்கிறேன்.

மேரிலாந்து, டெலவேர், பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலத் தமிழ்க் குடும்பங்களே, உங்கள் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தில் வரும் அந்தப் பெண் நடந்து போன வழியில்தான் நாம் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு மடல் எழுதுங்கள். தமிழ்ப் பள்ளிகள், தமிழ்ச் சங்கங்கள் பெயரிலும் எழுதலாம்.

செயலாளர் அவர்களே, புதிய இருபது டாலர் தாளின் முகப்பில் ஹாரியட் டப்மன் இருப்பார் என்று எழுத்துமூலம் உறுதி தருமாறும், வடிவமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேரிலாந்து வாழ் தமிழன் ஒருவன்